சென்னையில் நாம் காணாத சென்னை

"உள்ளூர் மாடு விலை போகாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. சந்தைக்கு ஓட்டிச் செல்லும் மாட்டைப் பற்றி மட்டுமே சொல்லிய சொல் அன்று அது. நாம் வாழும் ஊருக்கும், நாம் நாள்தோறும் நடக்கும் தெருவுக்கும் அது பொருந்தும். சென்னைக்கு வரும் வெளியூர் அன்பர் கடற்கரையைப் பார்க்கிறார், கபாலீசுவரர் கோயிலைத் தரிசிக்கிறார், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சுற்றி வருகிறார், பெயர் பெற்ற ஓர் உணவகத்தில் உண்கிறார், ஊர் திரும்புகிறார். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கோ இவற்றைக் காணவும் பொழுதில்லை. இவற்றுக்கு அப்பால் ஒரு சென்னை உண்டு என்பதை வெளியூரார் அறியார், உள்ளூரார் பொருட்படுத்தார். அந்தச் சென்னையைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

பேசுவதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாக இருந்தவன் நான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த விதிகளில் தலையாயது, "அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க" என்பது. தேர்வில் அதை விளக்கி எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் வரலாறு கற்பிக்கத் தொடங்கியபின் அதை ஏட்டிலேயே விட்டுவிட்டேன். பானிப்பட்டுப் போர் மூன்றையும் ஆண்டு தவறாமல் ஒப்பிக்கச் செய்தேன். மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி மாமல்லபுரத்துக்கும் செஞ்சிக்கும் தஞ்சைக்கும் அழைத்துச் சென்றேன். எங்கள் பள்ளி இருந்ததோ வடசென்னையில். ஜார்ஜ் டவுனின் பழந்தெருக்கள் கால்மணி நேர நடையில் இருந்தன. அத்தெருக்களுக்கு ஒருநாளேனும் ஒரு வகுப்பையும் நான் அழைத்துச் சென்றதில்லை.

ஒருநாள் எட்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து நின்றான். அவனுடைய பாட்டனார் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர். தந்தையார் மாலைவேளையில் தள்ளுவண்டியில் உணவு விற்றுக் குடும்பத்தைக் காத்தார். "சார், நாங்கள் பர்மாவிலிருந்து வந்த கதை எந்தப் பாடத்தில் வரும்?" என்று கேட்டான். எனக்குப் பாடத்தை முடிக்கவேண்டிய அவசரம். "அது வரலாறு இல்லையப்பா, பிழைப்பு. உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அதன்பின் என் வகுப்பில் அவன் கேள்வியே கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற பிறகு, மருத்துவர் சொற்படி நாள்தோறும் நடக்கத் தொடங்கினேன். நடக்கும் இடமாகப் பூங்காவைக் கொள்ளாமல் ஜார்ஜ் டவுன் தெருக்களைக் கொண்டேன். அந்தச் சிறுவனுக்கு நான் சொன்ன விடை எவ்வளவு பிழையானது என்பதைச் சிறுகச் சிறுக என் கால்கள் எனக்குக் கற்பித்தன.

பாரிமுனையிலிருந்து தொடங்குவோம். 1788-இல் சென்னைக்கு வந்து வாணிகம் நடத்திய தாமஸ் பாரியின் பெயரால் வழங்கும் இடம் அது. அங்கே டேர் ஹவுஸ் என்னும் பெரிய கட்டிடத்தின் ஓரத்தில் ஒரு பழைய கல்தூண் நிற்கிறது. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் அதைக் கடந்து போகிறார்கள். நின்று பார்ப்பவர் அரியர். 1773-ஆம் ஆண்டு சனவரி முதல் தேதியைத் தாங்கி நிற்கும் எல்லைத்தூண் அது.

எதற்கு எல்லை? இன்று உயர்நீதிமன்றம் இருக்கும் இடத்தில்தான் முதற் சென்னைப்பட்டணத்து மக்கள் குடியிருந்தார்கள். ஆங்கிலேயர் அதைக் கறுப்பர் நகரம் என்று அழைத்தார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினார்கள். 1749-இல் கோட்டை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1758-ஆம் ஆண்டின் இறுதியில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி மறுபடியும் வந்து முற்றுகையிட்டான். கோட்டைக்கு அருகே வீடுகள் இருந்தால் எதிரி அவற்றில் மறைந்துகொள்வான் என்று கண்ட கம்பெனியார், குடியிருப்பை அகற்றித் திறந்தவெளி ஆக்கினார்கள். அந்த வெளியின் எல்லையைக் காட்ட ஆறு தூண்கள் நாட்டினார்கள். தூணைக் கடந்து கோட்டைப் பக்கமாக யாரும் வீடு கட்டலாகாது என்பது கட்டளை. ஆறில் இன்று எஞ்சியிருப்பது இந்த ஒன்றே. வீடிழந்த மக்கள் வடக்கே முத்தியாலுப்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் குடியேறினார்கள். இவ்விரு பேட்டைகளுமே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் பெற்றன.

மனிதர்களோடு தெய்வங்களும் குடிபெயர்ந்தன. பழைய நகரத்தின் கோயில் 1757-இல் இடிக்கப்பட்டபின், மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் பூக்கடைப் பகுதியில் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும் அடுத்தடுத்துக் கோயில் கொண்டார்கள். பட்டணம் கோயில் என்று முதியவர்கள் அதைச் சொல்வார்கள். தேவராச முதலித் தெருவின் நெரிசலில் அதன் வாயிலைக் கண்டுபிடிப்பதே ஒரு திறமை. உள்ளே சென்றாலோ, கடைத்தெருவின் இரைச்சல் திடீரென்று அடங்கிவிடுகிறது.

மீண்டும் பாரிமுனைப் பக்கமாக வந்தால் அரண்மனைக்காரன் தெரு. இளமையில் இப்பெயரைக் கேட்டு, எந்த அரசனுடைய அரண்மனை இங்கே இருந்ததோ என்று நான் வியந்ததுண்டு. அரசனும் இல்லை, அரண்மனையும் இல்லை. ஆர்மேனியன் தெரு என்பது நம் மக்கள் நாவில் அரண்மனைக்காரன் தெரு ஆயிற்று. மேற்காசியாவிலிருந்து வாணிகத்துக்காக வந்த ஆர்மேனியர் இங்கே வாழ்ந்தார்கள். 1772-இல் அவர்கள் கட்டிய தேவாலயம் இன்றும் இருக்கிறது. அதன் மணிக்கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. முற்றத்துத் தரை முழுவதும் கல்லறைகள். அவற்றுள் ஒன்று ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்னும் பாதிரியாருடையது. பாரசீகத்து ஷீராஸ் நகரிலிருந்து வந்தவர் அவர். 1794-இல் 'அஸ்தரார்' என்னும் இதழை அவர் சென்னையில் அச்சிட்டார். ஆர்மேனிய மொழியில் உலகில் வெளிவந்த முதல் இதழ் அதுவே. ஒரு மொழியின் இதழியல் தன் தாயகத்தில் பிறவாமல், பல்லாயிரம் கல் தொலைவில், நம் தெரு ஒன்றில் பிறந்தது! இச்செய்தியை அறிந்து ஆர்மேனியாவிலிருந்து வருவோர் அந்தக் கல்லறையின் முன் தலைவணங்கி நிற்கிறார்கள். அந்தத் தெருவில் நாள்தோறும் பொருள் வாங்கும் நாம் அதன் கதவு திறந்திருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை.

வடக்கே இன்னும் சற்று நடந்தால் பவளக்காரத் தெரு. மத்தியதரைக் கடற்பவளத்தைக் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகர்கள் வாழ்ந்தமையால் வந்த பெயர். பவளம் போயிற்று, வைரம் போயிற்று, அவர்களும் போய்விட்டார்கள். பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது.

நேயர்கள் இங்கே ஒரு வினா எழுப்பலாம். "வரலாறு போதும் ஐயா, பசிக்கிறது, உண்ண நல்ல இடம் எது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உணவகத்துக்குள் நுழைந்தால் வரலாற்றை விட்டு வெளியேறிவிட்டோம் என்று எண்ணவேண்டா. கல்லில் வெட்டியதை மழை அழிக்கும். ஏட்டில் எழுதியதைச் செல் அரிக்கும். ஒரு குடும்பம் கைவிடாது காத்துவரும் சமையற் பக்குவமோ மூன்று தலைமுறை கடந்தும் நிற்கிறது. எவர் எங்கிருந்து இந்நகருக்கு வந்தார் என்பதைத் தட்டில் படித்துவிடலாம்.

உடுப்பி உணவகங்களை எடுத்துக்கொள்வோம். கடந்தலே கிருஷ்ணராவ் என்பவர் உடுப்பிக்கு அருகில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மடத்துச் சமையற்கட்டில் எடுபிடியாக இருந்தார். பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து, இதே ஜார்ஜ் டவுனில் பாத்திரம் துலக்குவது முதலாகப் பல வேலைகள் செய்தார். ஆச்சாரப்பன் தெருவில் ஒரு சிறு சிற்றுண்டிச் சாலையை நடத்தியே தொழிலில் காலூன்றினார். பின்னர் மவுண்ட் ரோடுக்குச் சென்றார். 1938-இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் உணவகத்தைத் தொடங்கினார். 1962-இல் கதீட்ரல் சாலைத் தோட்டத்தில் மோட்டார் வண்டியில் இருந்தபடியே உண்ணும் திறந்தவெளிச் சாலையையும் அமைத்தார். எழுத்தாளரும் மாணவரும் வேலை தேடுவோரும் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு அரைநாள் அங்கே பேசியிருந்ததுண்டு. 2008-இல் அது மூடப்பட்டது. இன்று அந்த இடம் செம்மொழிப் பூங்கா. நல்ல பூங்காதான். ஆயினும் அங்கே உலாவும் குழந்தைகளுக்கு, ஆச்சாரப்பன் தெருவில் தொடங்கிய ஓர் உழைப்பாளியின் பயணம் இங்கே வந்து முடிந்தது என்று சொல்வார் யார்?

உணவகத்தின் வரலாறு முழுவதும் சுவை மட்டும் அன்று என்பதையும் மறைத்தலாகாது. இன்னாருக்கு இன்ன இடம் என்று பிரித்து உணவிட்ட காலம் ஒன்று இருந்தது. திருவல்லிக்கேணி உணவகம் ஒன்றின் பெயர்ப்பலகையில் சாதிப்பெயர் இருந்ததை எதிர்த்து 1957-இல் பெரியார் நடத்திய மறியலில் நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். இன்று முன்பின் அறியாத நால்வர் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் சாம்பார் வாளியை மற்றவருக்கு நகர்த்துகிறோம். அந்த எளிய செயலுக்குப் பின்னும் பலருடைய போராட்டம் இருக்கிறது.

மேற்கே ஏழுகிணற்றுக்குச் செல்வோம். கோட்டைக்குக் குடிநீர் வழங்க 1772-இல் கம்பெனியார் ஏற்படுத்திய கிணறுகளால் அப்பகுதிக்கு அப்பெயர் அமைந்தது. நகரின் முதல் குடிநீர்த் திட்டம் என்று அதைச் சொல்லலாம். அப்பகுதியின் வீராசாமித் தெருவிலேதான் வள்ளலார் இராமலிங்க அடிகள் இளமையில் வாழ்ந்தார். அங்கிருந்து நடந்தே கந்தகோட்டத்து முருகனை வழிபடச் செல்வார். அவர் 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்பதை நாம் அறிவோம். பசித்த முகங்களை அவர் முதன்முதல் கண்ட தெருக்கள் எவை என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. சந்தையும் துறைமுகமும் சூழ்ந்த இந்த நெரிசலான தெருக்களில் அன்றும் பசித்தவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

அதற்கு வடக்கே பழைய சிறைச்சாலைச் சாலையில் நகர மதிற்சுவரின் ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது. 1769-இல் ஹைதர் அலி சென்னையின் வாயில்வரை வந்து கம்பெனியாரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். அந்த அச்சத்தில் எழுந்து முடிந்த மதில் இது. மதிலைப் பேணும் செலவுக்கு மக்களிடம் வரி வாங்கக் கம்பெனியார் எண்ணினார்கள்; வரி வசூலாகவில்லை. வசூலாகாத வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலை என்று நிலைத்துவிட்டது. எஞ்சிய மதிலின் மேல் ஒரு பூங்கா இருக்கிறது. மாடிப்பூங்கா என்பது பெயர். வால்டாக்ஸ் என்பது ஏதோ ஒரு துரையின் பெயர் என்று நெடுங்காலம் நம்பியிருந்தவர்களில் நானும் ஒருவன்.

மாலை ஆயிற்று. தங்கசாலைத் தெருவுக்கு வருவோம். கம்பெனியாரின் நாணயச் சாலை இருந்ததால் வந்த பெயர் இது. இதைச் சூழ்ந்த சௌகார்பேட்டையில் குஜராத்தியரும் மார்வாடியரும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஜிலேபி பிழியும் வாணலியையும், ஆடை படியக் காயும் பாதாம்பாலையும் இங்கே காணலாம். ஆனால் நான் உங்களைச் சுவைக்கச் சொல்வது வேறொன்று. இரண்டு சிறு முறுக்குகளுக்கு நடுவே வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயத் துண்டுகளை வைத்துச் சட்டினி தடவித் தருகிறார்கள். முறுக்கு சாண்ட்விச் என்று அதற்குப் பெயர். முறுக்கு நம்முடையது; சட்டினியும் தூவும் மசாலாவும் வடநாட்டுச் சுவை; அடுக்கும் முறை ஐரோப்பியருடையது. மூன்றையும் கூட்டி இத்தெரு ஒரு புதுப்பண்டம் செய்துவிட்டது. அருகே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில் சீனாபாய் டிபன் கடை என்று ஒரு சிறு கடை உண்டு. இட்டிலியும் ஊத்தப்பமும், அவற்றின்மேல் பொடியும் நெய்யும், அவ்வளவே. நின்றுகொண்டுதான் உண்ணவேண்டும். ஆயினும் மாலையில் அங்கே கூட்டம் குறைவதில்லை.

இறுதியாகக் கடலோரம் இராஜாஜி சாலைக்கு வருவோம். பர்மா பஜார் பகுதி இது. தமிழர் பல்லாயிரவர் பர்மாவுக்குச் சென்று வட்டித்தொழிலும் வாணிகமும் கூலிவேலையும் செய்தார்கள். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது, காட்டுவழியே கால்நடையாக வந்து வழியிலேயே மாண்டவர் பலர். 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. எஞ்சியிருந்த தமிழர் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். ஈட்டிய பொருளைக் கொண்டுவர அவர்களுக்கு அனுமதியில்லை. துறைமுகத்துக்கு எதிரிலேயே சிறு கடைகள் வைத்துப் பிழைக்கத் தொடங்கினார்கள்.

அக்கடைகளுக்கு அருகில் மாலைதோறும் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். அத்தோ என்பது அங்கே விற்கும் உணவு. பர்மிய மொழியில் கலந்து பிசைந்த உணவைக் குறிக்கும் சொல்லின் திரிபு அது. வேகவைத்த நூடுல்சோடு முட்டைக்கோசு, வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். மேலே பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவுவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு இட்ட சூப்பு ஒரு கிண்ணம்.

ஒரு மாலை அந்த வண்டிகளில் ஒன்றின் முன் நின்றேன். "ஐயா, உறைப்பு எவ்வளவு போடட்டும்?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குச் சட்டென்று மறுமொழி வரவில்லை. என் வகுப்பில் எழுந்து நின்ற சிறுவனின் முகம் கண்முன் வந்தது. அவனுடைய தந்தையார் இப்படித்தானே நின்றிருப்பார்! பொன்னும் பொருளும் துறைமுகத்துக்கு அப்பால் தங்கிவிட்டன. சோதனை செய்து பறிக்கமுடியாதபடி அவர்கள் கொண்டுவந்தது இந்தக் கைப்பக்குவம் ஒன்றையே. அதைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அதைத்தான் "வரலாறு இல்லை, பிழைப்பு" என்று தள்ளிவிட்டேன். பவளக்காரத் தெரு யூதரும், ஷீராஸ் பாதிரியாரும், ஆச்சாரப்பன் தெருக் கிருஷ்ணராவும் பிழைக்க வந்தவர்கள்தாமே? வீடிழந்து வடக்கே குடியேறிய பழஞ்சென்னை மக்கள் பிழைத்துக் கிடந்ததால்தானே இந்நகரமே இருக்கிறது?

ஆசிரியர்களாக இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கடைகள் திறவாத நேரத்தில், உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் மாணவர்களோடு நடங்கள். பேருந்து வேண்டா; பணமும் வேண்டா. தெருப்பெயரைக் காட்டி, ஏன் இப்பெயர் என்று கேளுங்கள். அங்கே நெடுநாள் கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவரைப் பேசச்சொல்லிக் கேளுங்கள். சென்னைக்கு மட்டுமன்று, மதுரைக்கும் கோவைக்கும் இது பொருந்தும். ஆறு தூண்களில் ஐந்து போயின. எஞ்சியதைக் காக்க அரசு சட்டம் இயற்றலாம். ஆனால் அத்தூண் எதற்காக நிற்கிறது என்று அறிந்த பிள்ளைகள் இல்லையேல் சட்டம் மட்டும் அதை நெடுநாள் காக்காது.

அந்த மாணவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று நான் அறியேன். நடுவயதை எட்டியிருப்பான். எங்கேனும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின் அவனுக்கு ஒரு சொல். தம்பி, அன்று எட்டாம் வகுப்பில் நீ கேட்ட கேள்வி சரி. நான் தந்த விடை பிழை. திருத்திக்கொள்.